தோலுக்கு வரம்பு, ஆற்றுக்கு யார்? இந்தியத் தோல் ஏற்றுமதியின் சுற்றுச்சூழல் வரலாறு

1989 டிசம்பரில் அன்றைய மேற்கு ஜெர்மனி, பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளுக்குத் தடை விதித்தது. தோலில் பூஞ்சை படராமல் காக்கப் பயன்பட்ட பொருள் அது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் அந்தச் சரக்கை ஜெர்மனியில் விற்க முடியாது. ஜெர்மனியோ இந்தியத் தோலின் முதன்மையான சந்தைகளுள் ஒன்று. சென்னையில் 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்றுப் பூஞ்சைக்கொல்லிகளைத் தேடியது. ஆலைகள் சில ஆண்டுகளிலேயே அவற்றுக்கு மாறத் தொடங்கின. 1994இல் புற்றுநோய் உண்டாக்கும் அமைன்களாகச் சிதையும் அசோ சாயங்களை ஜெர்மனி தடை செய்தபோதும் இதுவே நிகழ்ந்தது. 1997க்குள் இந்திய அரசே 112 சாயங்களைத் தடைப் பட்டியலில் சேர்த்திருந்தது.

இதே ஆண்டுகளில் மற்றொரு முறையீடு காத்திருந்தது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவுநீருக்கு எதிராக, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தீர்ப்பு வர ஐந்து ஆண்டுகள் ஆயின. இழப்பீடும் ஆற்றின் மீட்சியும் அதன் பிறகும் பல்லாண்டு இழுபட்டன. ஒரே தொழில், ஒரே காலம். ஒரு சிக்கல் விரைவாகத் தீர்ந்தது, மற்றொன்று தீரவில்லை. இந்த வேறுபாட்டின் வேர் இந்திய வணிகக் கொள்கையின் வரலாற்றில் இருக்கிறது.

1970களின் தொடக்கம் வரை இந்தியா பெரும்பாலும் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையுமே ஏற்றுமதி செய்தது. தென்னிந்தியாவில் ஆவாரம் பட்டை கொண்டு பதனிடும் முறை நெடுங்காலம் வழங்கி வந்தது. இலாபத்தின் பெரும்பங்கு ஐரோப்பாவிலேயே தங்கிவிடுகிறது என்ற நியாயமான குறை எழுந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1973 முதல் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு ஒதுக்கீட்டு வரம்பும், முழுதும் பதனிட்ட தோலுக்கும் தோற்பொருள்களுக்கும் ஊக்கமும் வந்தன. வணிக நோக்கில் இக்கொள்கை வெற்றி பெற்றது. வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் பெருகின.

ஆனால் மதிப்புக் கூடிய அந்தக் கட்டங்களே மாசு கூடிய கட்டங்களுமாகும். குரோமியப் பதனீடு வேகமாகப் பரவியது. முன்பு ஐரோப்பிய ஆலைகளில் நடந்த ஈரவேலைகளின் ஒரு பகுதி இந்திய ஆற்றங்கரைகளுக்கு வந்து சேர்ந்தது. இலாபத்தை உள்நாட்டுக்குக் கொண்டுவர வகுத்த கொள்கையில், உடன் வரும் கழிவுக்குக் கணக்கு எழுதப்படவில்லை. நீர் மாசு தடுப்புச் சட்டமே 1974இல்தான் வந்தது. ஏற்றுமதியில் முன்னணியில் நின்ற தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982இல். ஏற்றுமதி ஊக்கத்துக்கும் கண்காணிப்புக்கும் இடையே ஒன்பது ஆண்டு இடைவெளி. 1994இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் புதிய திட்டங்களையும் விரிவாக்கங்களையுமே நோக்கியது. ஏற்கெனவே இயங்கிவந்த நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவை நீதிமன்றங்கள். 1987 செப்டம்பரில், கான்பூர் ஜாஜ்மௌ பகுதியில் முதல்நிலைச் சுத்திகரிப்பு வசதி இல்லாத ஆலைகளை மூடுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியளவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டதையும் நீதிமன்றம் பதிவு செய்தது. நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் சுமார் 80 விழுக்காடு தமிழ்நாட்டுடையது என்பதையும் அது மறுக்கவில்லை. அந்நியச் செலாவணி ஈட்டுவது சூழலைக் கெடுப்பதற்கான உரிமையாகாது என்பதே தீர்ப்பின் சாரம். முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் நாட்டின் சட்டத்தின் பகுதி என அதில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், கல்கத்தாவின் டாங்ரா, டில்ஜலா, டாப்சியா பகுதி ஆலைகள் நகருக்கு வெளியே இடம்பெயர ஆணை பிறந்தது.

ஜெர்மானிய விதிகள் விரைவாகப் பலித்ததற்குக் காரணம் எளிது. அவை பொருளைச் சோதித்தன. மீறினால் சரக்கு திரும்பும். இழப்பு ஏற்றுமதியாளருக்கு உடனே வரும். ஆற்றில் கலக்கும் உப்புக்கும் குரோமியத்துக்கும் அத்தகைய வாயில் எதுவும் இல்லை. இழப்பு வந்தது உழவர்களுக்கும் கிணறுகளை நம்பியிருந்த ஊர்களுக்கும். 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம், தோற்பொருள்களில் ஆறிணைதிறக் குரோமியத்துக்கு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பை விதித்தது. குரோமியம் பற்றிய அக்கறையும் காலணியை அணிபவரின் தோலோடு நின்றுவிட்டது.

இதற்காக ஐரோப்பாவை மட்டும் குறைகூற முடியாது. பொருள் எப்படி உற்பத்தியாகிறது என்பதை வைத்து இறக்குமதியைத் தடுக்கக் கூடாது என்று உலக வணிக அமைப்பில் வாதிட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆமை விலக்கும் கருவி இல்லாத இறால் வலைகளைக் காரணம் காட்டி அமெரிக்கா விதித்த இறக்குமதித் தடையை எதிர்த்து, தாய்லாந்து, மலேசியா, பாகிஸ்தானுடன் இந்தியாவும் வழக்காடியது. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு, அந்தத் தடையின் நோக்கத்தை ஏற்றது. அதை நடைமுறைப்படுத்திய முறை பாரபட்சமானது என்றது. வளர்ந்த நாடுகள் சூழல் அக்கறையைச் சந்தைக் காப்பாக மாற்றக்கூடும் என்ற இந்தியாவின் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் உற்பத்தி முறை தன் இறையாண்மைக்கு உட்பட்டது என்று கோரும் நாடு, அந்த இறையாண்மையைத் தன் ஆறுகளுக்காகப் பயன்படுத்தியாக வேண்டும். தோல் தொழிலில் அந்தக் கடமையை வணிகக் கொள்கை ஏற்கவில்லை. குடிமக்களின் மனுக்களே நினைவூட்ட வேண்டியிருந்தது.

பாலாற்று வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் அதை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்கவும் மீண்டும் ஆணையிட்டு, கண்காணிக்க ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது.

இதற்கிடையே ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி, 2023 அக்டோபரில் அறிக்கையிடலாகத் தொடங்கி, 2026 ஜனவரியில் கட்டண நிலைக்கு நகர்ந்திருக்கிறது. உற்பத்தி முறையே இப்போது எல்லையில் அளக்கப்படுகிறது. எஃகு, அலுமினிய ஆலைகள் இனிக் கரிம உமிழ்வைக் கணக்கிடும். அந்தக் கணக்கில் ஆலையடி ஊரின் சாம்பலும் நிலத்தடி நீரும் இடம்பெறா. வாங்குபவர் தமக்கு வேண்டியதைத்தான் அளப்பார். எஞ்சியதை அளக்கும் பொறுப்பு விற்கும் நாட்டுடையது. அதை ஏற்றுமதிக் கொள்கை வகுக்கும் மேசையிலேயே ஏற்காவிட்டால், 1973இல் எழுதாமல் விட்ட கணக்கு இன்னொரு தொழிலில், இன்னோர் ஆற்றங்கரையில் தொடரும்.