அலைகுடிகளும் நிலைகுடிகளும்

மக்கட்பரவலைக் காட்டும் நிலப்படத்தை மாணவர் பலரும் வரைந்திருப்பீர்கள். இத்தனை ஆயிரம் பேருக்கு ஒரு புள்ளி எனக் கணக்கிட்டு, ஊர்கள் மிகுந்த சமவெளியில் புள்ளிகளை நெருக்கமாகவும், மலைப்பகுதியில் அருகலாகவும் இடுகிறோம். பருவந்தோறும் இடம் மாறி வாழ்ந்த மக்களுக்குரிய புள்ளியை எங்கே இடுவது? இக்கேள்விக்கு விடை காணப் போடிநாயக்கனூரும், அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளும் துணைபுரியும்.

இச்சரிவுகளில் மூவகை இடம்பெயர் வாழ்க்கை நிலவியது. பளியர் காட்டு வள்ளிக்கிழங்கை அகழ்ந்தும் தேன் எடுத்தும் வாழ்ந்தனர். சிறு குழுக்களாகப் பாறைக் குகைகளிலும் தழைக் குடில்களிலும் தங்கி, கிழங்கு குறைந்ததும் வேறிடம் நாடினர். முதுவரோ பயிர் செய்தவர்கள். தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்துக் கேழ்வரகு விதைப்பர். மண்ணின் வளம் குன்றியதும் அதனை மீண்டும் காடாக வளரவிட்டு வேறிடம் செல்வர். மூன்றாமவர், பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து மலைமாடு மேய்த்தோர். மந்தை மலையில் மேயும்; அறுவடை முடிந்த வயல்களில் இரவில் கிடை அமர்த்தினால், உழவனுக்கு உரம் கிடைக்கும்; மேய்ப்பனுக்குக் கூலி கிடைக்கும்.

இம்மக்களை 'அலைந்து திரிந்தவர்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பாறையில் எப்பொழுது தேனடை முதிரும், எந்த நிலம் ஓய்வு கொள்ள வேண்டும், எந்தச் சரிவில் எப்பொழுது புல் தழைக்கும் என்பவற்றை அறிந்தே அவர்கள் நடந்தனர். ஒரு மலைப்பரப்பு முழுவதையுமே தம் இல்லமாகக் கொண்டிருந்தனர் எனலாம்.

அவ்வில்லத்தின் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்ட வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், காடுகளை அளந்து எல்லை வகுத்து ஒதுக்குக் காடுகளாக்க வழிசெய்தது. காடு வெட்டி எரிப்பது குற்றமாயிற்று. மேய்ச்சலுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. மலையின் மறுபுறம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. அங்கே 1877இல் பூஞ்சார் தலைவர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்கு அளித்தார். பின்னர்த் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன, ஏலத்தோட்டங்களும் பெருகின. தோட்ட வேலைக்குச் சமவெளித் தமிழர் திரளாக மலையேறினர். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தன. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதையும் வந்தது. 1956இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. ஒரே மலை இரு மாநிலங்களாயிற்று. இவ்வாறு மலையில் மக்கள்தொகை பெருகப் பெருக, அங்கே முன்பு நடமாடியவர்களின் வழிகள் குறுகின.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று. ஆப்பிரிக்காவின் சோமாலிய மக்களுள் பெரும்பாலோர் ஒட்டகமும் ஆடும் மேய்த்து, மழையைத் தொடர்ந்து சென்றவர்கள். 1974–75ஆம் ஆண்டுகளின் கொடிய வறட்சியில் மந்தைகள் மடியவே, அந்நாட்டு அரசு சோவியத் விமானங்களின் துணையோடு வடபகுதி மேய்ப்பர்களைத் தெற்கிலுள்ள வேளாண் குடியிருப்புகளுக்கும் கடற்கரை மீன்பிடி ஊர்களுக்கும் அனுப்பியது. ஆயினும் மழை திரும்பியதும் பலர் மேய்ச்சலுக்கே திரும்பினர். அங்கே வறட்சி ஒருசேரச் செய்த வேலையை, இங்கே எல்லைக்கற்கள் மெல்ல மெல்லச் செய்தன.

இன்று போடி அருகே சிறைக்காட்டில் பளியரும், குரங்கணிக்கு அருகே முதுவாக்குடியில் முதுவரும் நிலையாகக் குடியமர்ந்துள்ளனர். நிலைத்த குடியிருப்பால் பள்ளியும் மருத்துவமும் நியாயவிலைக் கடையும் எட்டும் தொலைவில் வருகின்றன. இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் மலையைத் தம் இல்லமாகக் கொண்டிருந்தவர்கள் அதில் கூலிக்கு உழைப்பவராயினர்.

நாட்டின் சட்டம் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்தே காட்டில் வாழ்ந்துவரும் பழங்குடியினரின் உரிமையை ஏற்கிறது. நாடோடி மேய்ப்பரின் பருவகால உரிமையையும் குறிப்பிடுகிறது. எனினும், உரிமையை நிலைநாட்டச் சான்று வேண்டும். பட்டாவோ வரி ரசீதோ இன்றி இடம் மாறி வாழ்ந்தவன் எதைக் காட்டுவான்? மேலும், 2021இல் மேகமலைக் காடுகள் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தன. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றில் கால்நடை மேய்ச்சலைத் தடுத்தது. புலிக்கும் காடு வேண்டும். மலைமாட்டிற்கும் புல் வேண்டும். இவ்வழக்கில் இரு சாராரிடமும் நியாயம் உண்டு.

இடம்பெயர்தல் மலையைவிட்டு அகன்றுவிடவில்லை. நாள்தோறும் விடியற்காலையில் சமவெளித் தொழிலாளர்கள் ஜீப்புகளில் ஏறிக் கேரளத்தின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். முன்னையோர் தம் வழியைத் தாமே வகுத்தனர். இவர்களுக்கு வழியை வேலையே வகுக்கிறது.

மாணவ நண்பர்களே, மக்கட்பரவல் படத்தில் மலைச்சரிவு வெண்மையாகத் தோன்றினால், அதனை ஆளில்லா நிலம் என்று கருதிவிடாதீர்கள். ஒரு புள்ளியில் நிற்காத மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கக்கூடும். அவர்களது உரிமையை அளக்கும்போது, அவர்கள் தங்கிய இடத்தோடு நடந்த வழியையும் சேர்த்து அளப்பதே நீதியாகும்.