பெனிட்டோ செரினோ: ஒரு கடற்கதையின் வரலாறு

ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' பெற்ற புகழை, அவருடைய 'பெனிட்டோ செரினோ' என்னும் குறும்புதினம் பெறவில்லை. 1855-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'பட்னம்ஸ்' திங்களிதழில் மூன்று பகுதிகளாக வெளிவந்த கதை அது. கடும்புயலோ திமிங்கில வேட்டையோ அதில் இல்லை. பாழ்பட்ட கப்பல் ஒன்று, அதன்மேல் ஏறிய ஒருவர் மனத்தில் ஒரு பகற்பொழுது முழுதும் மாறி மாறி எழும் ஐயமும் ஆறுதலும், இவ்வளவே. ஆயினும், படிப்போரை இத்துணை அச்சத்தில் ஆழ்த்தும் கடற்கதை பிறிதொன்றை நாம் கண்டதில்லை.

கதையின் கரு கற்பனையன்று. 1805 பிப்ரவரி 20 அன்று, சிலி நாட்டுக் கரையை அடுத்த சாந்தா மரியா தீவில் 'பெர்சிவரன்ஸ்' என்ற அமெரிக்கக் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. சீல் என்னும் கடல் விலங்கைத் தோலுக்காக வேட்டையாடும் கப்பல் அது. அதன் தலைவர் அமாசா டெலானோ, 1791 முதல் சில காலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்க் கடற்படைக் கப்பலிலும் சென்றவர். உலகம் சுற்றியவர் என்று சொல்லத் தகும். அன்று 'டிரையல்' என்னும் ஸ்பானியக் கப்பல் கொடியின்றி வந்தது. வால்பரைசோவிலிருந்து லீமாவுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிப் புறப்பட்ட கப்பல்.

உணவும் நீரும் கொண்டு சென்று உதவிய டெலானோ, அன்று பெரும்பொழுதை அக்கப்பலிலேயே கழித்தார். கப்பல் தலைவர் பெனிட்டோ செரென்யோ சோர்ந்து காணப்பட்டார். மோரி என்னும் ஆப்பிரிக்கப் பணியாளர் ஒருவர் அவரை விட்டு ஓர் அடியும் அகலவில்லை. அடிமைச் சிறுவன் ஒருவன் ஸ்பானியச் சிறுவனைக் கத்தியால் தலையில் தாக்கினான். தலைவரோ அதனை விளையாட்டு என்றார். டெலானோ வியந்தார், உண்மையை உணரவில்லை. மாலையில் அவர் படகு விலகும்போது செரென்யோ அதனுள் பாய்ந்து விழுந்தார். அதன் பின்னரே அனைத்தும் விளங்கிற்று.

1804 டிசம்பர் 27 அன்றே அடிமைகள் எழுந்து கப்பலைக் கைப்பற்றியிருந்தனர். அவர்களின் உடைமையாளர் அராண்டா கொல்லப்பட்டார். செனகலுக்குக் கொண்டு செல்க என்பதே அவர்களின் கோரிக்கை. அன்று டெலானோ கண்ட தலைவனும் பணியாளனும் வெறும் நாடக வேடங்களே. தாம் ஐயுறாமல் இருந்ததே தம் உயிரைக் காத்தது என்று அவரே பின்னர் எழுதினார்.

1817-இல் டெலானோ வெளியிட்ட பயண நூலே மெல்வில்லுக்கு மூலம். இதனை 1928-இல்தான் ஓர் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். கழுத்தருகே சவரக்கத்தி பிடித்து நிற்கும் பணியாளர், சவரத் துணியாகிவிட்ட ஸ்பானியக் கொடி, கப்பலின் முகப்பில் கட்டப்பட்ட எலும்புக்கூடு ஆகியன மெல்வில் சேர்த்தவை. கப்பலுக்கு 'சான் டொமினிக்' என்று பெயரிட்டு ஆண்டை 1799 ஆக்கினார். அடிமைகள் எழுந்து விடுதலை கண்ட ஹெயிட்டி, அன்று சான் டொமிங் எனப்பட்டது. இம்மாற்றம் தற்செயல் என்று நம்மால் கொள்ள இயலவில்லை.

கதையின் பிற்பகுதியில் மெல்வில் நீதிமன்ற வாக்குமூலத்தை நெடிதாகத் தருகிறார். அது சுவையற்றது என்பார் பலர். கோப்புகளோடு நாளெல்லாம் உறவாடும் நமக்கோ, நூலின் நடுக்கம் தரும் பகுதி அதுவே. டெலானோவின் நூலிலும் உள்ள ஒரு செய்தியை ஈண்டுக் காண்க. இனிக் கொலை வேண்டா என்றும், சரக்குடன் கப்பல் தங்களுக்கே உரியது என்றும் இருதரப்பாரும் ஓர் உடன்படிக்கை எழுதினர். அதில் எழுதத் தெரிந்த மாலுமிகள் கையொப்பமிட்டனர். பாபோ, அத்துஃபால் என்னும் ஆப்பிரிக்கர் இருவரும் தம் மொழியிலேயே ஒப்பமிட்டனர் என்கிறது வாக்குமூலம். எண்ணத் தெரியாத கூட்டம் என்று டெலானோ கருதியோருள் எழுத்தறிந்தோர் இருந்தனர்! மாலுமிகளிலோ எழுதத் தெரியாதோரும் இருந்தனர். எழுத்தர் இதனை ஒரே வரியில் குறித்துவிட்டு அடுத்த செய்திக்குச் செல்கிறார். டெலானோ தம் நூலில் சேர்த்த வாக்குமூலங்களுள் ஆப்பிரிக்கருடையது ஒன்றேனும் இல்லை. மெல்வில்லும் பாபோவுக்குச் சொற்களைப் புனைந்து தரவில்லை. பிடிபட்ட பின் அவர் வாய் திறக்கவில்லை என்றே எழுதினார். இதனைக் குறை என்பாரும் உளர். இல்லாத வாக்குமூலத்தை இருப்பதாகக் காட்டாத நேர்மை என்றே நாம் கருதுகிறோம்.

அமெரிக்காவில் 1850-இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டம் கடுமையாக்கப்பட்டது. மறு ஆண்டு தாமஸ் சிம்ஸ் என்னும் இளைஞரை விடுவிக்க மறுத்த மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவெல் ஷா, மெல்வில்லின் மாமனார். சட்டமும் குடும்பமும் இவ்வாறு பின்னியிருந்த வீட்டில் பிறந்த கதை இது.

கதையில் செரினோ மனமுடைந்து சில திங்களில் இறக்கிறார். வரலாற்றிலோ, கப்பலை மீட்ட தாக்குதலில் பாபோ கொல்லப்பட்டார்; மோரி முதலியோர் கன்செப்சியோன் நகரில் தூக்கிலிடப்பட்டனர்; எஞ்சியோர் மீண்டும் அடிமைகளாயினர். மீட்டவரும் மீட்கப்பட்டவரும் வெகுமதி குறித்து நெடுநாள் வழக்காடினர். முடிவில் டெலானோவுக்கு 8,000 டாலர் கிடைத்தது.