மாடு பேசவில்லை, மணிதான் அடித்தது

திருவாரூர் தியாகராஜர் கோயிலுக்கு வெளியே, வடகிழக்கு மூலையில் இருக்கும் கல்தேரை மகளுக்குக் காட்டி, மனுநீதிச் சோழன் கதையைச் சொன்னேன். ஆராய்ச்சி மணியைப் பசு அடித்தது வரை வந்ததும், "கன்னுக்குட்டி பொழச்சுதாப்பா?" என்றாள்.

எங்க அப்பாயி சொன்ன கதையில் பிழைக்காது. ராஜா மகனைத் தேர்க்காலில் இடுவதோடு கதை முடிஞ்சிடும். கன்று, இளவரசன், உயிரை விட்ட மந்திரி மூவரையும் சிவபெருமான் எழுப்பித் தருவது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில். அதற்கு முந்தைய சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் இந்தச் சோழனைச் சொல்லிக்காட்டுகிறாள். அங்கே யாரும் எழுந்து வரவில்லை.

இலங்கையின் மகாவம்சம் இதையே சோழநாட்டிலிருந்து போய் அனுராதபுரத்தில் 44 வருஷம் ஆண்ட எல்லாளன் கதையாகச் சொல்கிறது. எதிரி அரசனைப் பற்றித்தான் இவ்வளவு மரியாதை! அங்கேயும் கன்று எழவில்லை. இன்னொரு நாள், பாம்பிடம் குஞ்சைப் பறிகொடுத்த பறவையும் வந்து மணியடிக்கிறது.

பஞ்சதந்திர நரி வாய் ஓயாமல் பேசி நமக்குத் தந்திரம் சொல்லித்தரும். இந்தப் பசு யாருக்கும் பாடம் நடத்த வரவில்லை, புகார் கொடுக்க வந்தது. (கலெக்டர் ஆபீஸ் 'மனுநீதி நாள்' என்றால் மனு கொடுக்கிற நாள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.) எங்க ஆபீஸ் பாஷையில், கன்று எழுந்துவிட்டால் டிக்கெட் க்ளோஸ், அப்புறம் பசுவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனாலேயே எனக்கு அப்பாயி முடிவுதான் சரியென்று படுகிறது.

மகளுக்கு இரண்டு முடிவையும் சொன்னேன். அப்பாயி முடிவு பிடிக்கலை என்றாள்.