வைல்டுகார்டு ஒப்பீடு

வைல்டுகார்டு என்பது, கணிப்பொறியில் ஒரு சொற்சரத்தை மற்றொன்றோடு ஒப்பிடுங்கால், இன்ன குறி என்று நிச்சயமாகச் சொல்ல இயலாத இடத்தில் அதன் பிரதிநிதியாக நிறுத்தப்படும் அடையாளமாகும். யூனிக்ஸ் சம்பிரதாயத்தில் உடுக்குறி (*) எத்தனை குறிகளுக்கும், ஒன்றுமே இல்லாமைக்குங்கூட, ஈடாக நிற்க, வினாக்குறி (?) ஒரேயொரு குறிக்கு மட்டும் ஈடாகும்; எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தள மொழியில் அவற்றின் ஸ்தானத்தை முறையே விழுக்காட்டுக் குறியும் அடிக்கோடும் வகிக்கின்றன. 1971-இல் எழுந்த முதல் யூனிக்ஸ் பதிப்பிலேயே ‘குளோப்’ என்னும் தனி நிரல் இப்பணியைச் செய்தது.

சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில், 1986-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தால் பஹ்ரைனோடு இணைந்துள்ள அல் கோபார் நகரின் பெயர், இத்தகைய ஒப்பீடு ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்கு நல்ல உதாரணம். அரபியில் குற்றுயிர்களைச் சாதாரணமாக எழுதுவதில்லையாகையால், அப்பெயர் பிற லிபிகளில் ‘அல் கோபார்’, ‘அல்கோபார்’, ‘அல்-குபர்’ என்று எழுதுவோர் செவிக்கேற்ப வேறுபடுகிறது. நேர் ஒப்பீடு இவற்றை மூன்று ஊர்களாகவே கொள்ளும். ‘அல்*க?ப*ர்’ என்ற அமைப்போ மூன்றையும் பிடித்துவிடும்.

இது பலிப்பதற்குக் காரணம், யூனிக்கோடு தமிழ் உயிர்மெய்யை மெய்க்குறி வேறு, உயிர்க்குறி வேறாகப் பிரித்து வைத்திருப்பதே. வெற்றிடம் நீங்கலாக 5 எழுத்துள்ள ‘அல் கோபார்’ 9 குறிகளால் ஆனது. ‘க’வை அடுத்த வினாக்குறி அதன் உயிரை மட்டும் ஏற்கிறது. இப்பிரிவினையைக் குறையென்று பழிப்பவர் பலர். இவ்விடத்தில் அது வசதியே என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஓகாரக் குறியை ஏகாரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாக்கியும் எழுதலாம்; கண்ணுக்குப் பேதமில்லாத அவ்வடிவில் வினாக்குறி ஏகாரத்தோடு நின்றுவிட, ‘ப’ வரவேண்டிய இடத்தில் துணைக்கால் எதிர்ப்பட்டு ஒப்பீடு தோற்கும். ஆகவே இரு சரங்களையும் முதலில் இவ்வாறு பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிக்கோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்குக் கொண்டுவருதல் அவசியம். அகர உயிருக்குக் குறியே இல்லாமையால் ‘அல் கபர்’ அப்போதும் தப்பிவிடும்; வினாக்குறிக்குப் பதில் உடுக்குறி இட்டால் அதுவும் அகப்படும், வேண்டாத பெயர்களும் கூடவே வரும்.

ஒவ்வோர் உடுக்குறியிலும் எல்லா வாய்ப்புகளையும் கிளைகிளையாகச் சோதிக்கும் நிரல், உடுக்குறிகள் பெருகப் பெருக அளவிறந்த காலத்தை விழுங்கக்கூடும். கடைசியாகக் கண்ட உடுக்குறியை மட்டும் நினைவிற்கொண்டு, தோற்றவிடத்து அதற்கே திரும்பும் முறையில், உழைப்பு இரு சரங்களின் நீளங்களைப் பெருக்கிவரும் அளவை ஒட்டியே நிற்கும்.