டி வெய்ராவின் தீர்மானம்

போன வாரம் ஜெய்மே டி வெய்ராவை தேசிய மொழித் தீர்மானத்தின் முன்னால் விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாகக் காத்திருக்கிறார். வாருங்கள், மணிலாவுக்குப் போவோம்.

1937 நவம்பர். பிலிப்பைன்ஸ் நாட்டின் பொதுமொழி எந்த மொழியை அடியாகக் கொண்டு எழ வேண்டும்? தேசிய மொழிக் கழகம் முடிவு சொல்லியாக வேண்டும். அதில் இருப்பவர்கள் ஆளுக்கொரு மண்ணைச் சேர்ந்தவர்கள். இலோகானோ ஒருவர், செபுவானோ ஒருவர், பிக்கோல்காரர் ஒருவர், பனாய்த் தீவுக்காரர் ஒருவர். தெற்கு முஸ்லிம்களின் சார்பில் ஹாஜி புட்டு. தகாலோக்காரர் ஒரே ஒருவர்தான்.

தலைவர் டி வெய்ரா? லெய்த்தேத் தீவில் பிறந்தவர். தாய்மொழி வராய்.

சட்டம் அவர்கள் கையில் இரண்டு அளவுகோல்களைக் கொடுத்திருந்தது. அமைப்பிலும் இலக்கியத்திலும் வளர்ந்த மொழியாக இருக்க வேண்டும். மிகுதியான மக்கள் ஏற்றுப் பேசுவதாகவும் இருக்க வேண்டும். தலையை எண்ணினால் பிசாயத் தீவுகளின் மொழிகள் சேர்ந்து தகாலோக்கை விஞ்சும். அச்சேறிய நூல்களைப் பார்த்தால் தகாலோக் முன்னால் நிற்கும். தலைநகரின் மொழியும் அதுவே.

டி வெய்ரா பத்திரிகையாளர். வாஷிங்டனில் தன் நாட்டுக்காகப் பேசிய பிரதிநிதி. சொந்த மண்ணின் பேச்சை ஒதுக்கிவைத்து இன்னொருவன் மொழியைக் கைகாட்டுவது அவருக்கு எளிதாக இருந்திருக்குமா? இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கழகம் சொன்னது: தகாலோக்.

இனி பந்து அதிபர் மானுவல் கெசோனிடம். அவர் பாலெரில் பிறந்த தகாலோக்காரர். 'தன் மொழியைத் தூக்கி வைத்துவிட்டார்' என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது. வராய்க்காரரைத் தலைவராக்கியதன் அருமை இப்போது புரிகிறதா? அதற்காக கெசோனின் தவிப்பைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. வடக்கே இலோகானோ மக்களிடம் போனால் சொந்த நாட்டின் அதிபருக்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த வெட்கம் அவரை அறுத்துக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 30. நாட்டின் தேசிய வீரர் ரிசால் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். கெசோன் வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்.

வானொலியில் அறிவித்தார். தேசிய மொழி தகாலோக்கின் அடிப்படையில் அமையும்!

சரி, பள்ளிக்கூடம்? அங்கேதான் சிக்கல்.

ஆணை உடனே நடப்புக்கு வரவில்லை. அகராதி வேண்டும், இலக்கணம் வேண்டும். புதிய மொழி வகுப்பறைக்குள் நுழைந்தது 1940 ஜூன் 19 அன்று. ரிசாலின் பிறந்தநாள். நுழைந்தது எங்கே தெரியுமா? உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் மட்டும். அதுவும் ஒரு பாடமாக.

கணக்கு ஆங்கிலத்தில். அறிவியல் ஆங்கிலத்தில். வரலாறும் ஆங்கிலத்தில். 1901இல் கரும்பலகை ஏறிய மொழி இறங்கவே இல்லை.

டி வெய்ராவின் லெய்த்தேயில் ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அம்மாவிடம் வராய். முதல் வகுப்பின் முதல் நாளே ஆங்கிலம். வளர்ந்தபின் தகாலோக். பசிக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஒரே மொழிக்கு மட்டும் பள்ளியில் இடமில்லை!

இதை யாருமே கேட்கவில்லையா?

ஒருவர் கேட்டார். போர் முடிந்து நாடு இடிபாடுகளிலிருந்து எழுந்துகொண்டிருந்த நேரம். 1948. இலோயிலோ மாகாணத்தில் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஹோசே அகிலார். சில பள்ளிகளில் முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஊர்மொழியான இலிகாய்னோனில் பாடம் நடத்தச் சொன்னார். வேறு சில பள்ளிகளில் வழக்கம்போல் ஆங்கிலம்.

மூன்றாம் வகுப்பில் இரு தரப்புக்கும் ஆங்கிலவழிதான். ஒரு தரப்புக்கு இரண்டு ஆண்டு ஆங்கிலவழிப் பழக்கம் முன்கூட்டியே கையில் இருக்கிறது. இன்னொரு தரப்பு இப்போதுதான் தொடங்குகிறது.

அகிலார் தன் பெயரை, வேலையை, ஒரு மாகாணத்துப் பிள்ளைகளின் படிப்பைப் பணயம் வைத்துவிட்டார்.

இலிகாய்னோன் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தார்கள்...

(தொடரும்)