சுவர் காத்த மரம்

ஜப்பானிய மொழியில் 'போன்சாய்' என்றால் தட்டில் நட்டது என்று பொருள். வேரையும் கிளையையும் அவ்வப்போது கத்தரித்து மரத்தைக் குள்ளமாக வளர்க்கிறார்கள். தட்டில் மண் கொஞ்சமே; நீரூற்ற மறந்தால் மரம் பட்டுவிடும்.

1625 முதல் இவ்வாறு வளர்ந்த வெள்ளைப் பைன் மரமொன்று ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று, அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் அணுகுண்டு வெடித்தது. வெப்பக் கதிர்கள் ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. உயர்ந்த சுவரின் மறைவில் நின்றதால் மரம் தப்பியது. குடும்பத்தாரும் பிழைத்தனர்.

1976-இல் மசாரு யமாகி அம்மரத்தைக் குண்டு வீசிய அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகத் தந்தார். 2001-இல் அவருடைய பேரன்மார் வாஷிங்டன் சென்று மரத்தைப் பார்த்தபோதுதான் அதன் கதை அங்கே தெரியவந்தது.

சுவர் காத்தது ஒரு நாள். மற்ற நாளெல்லாம் காத்தவை நீரூற்றிய கைகளே.