தவணை நாள்: பம்பாய், 1865

மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் ராஜாபாய் மணிக்கூண்டை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதற்கு நிதியளித்தவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் பருத்தி, பங்குத் தரகர். ராஜாபாய் அவருடைய தாய். கொடை அறிவிக்கப்பட்ட ஆண்டு 1864. அடுத்து வந்த சரிவில் அம்மனிதரே நொடித்துப் போனார்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1861இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது; தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. பஞ்சின்றித் தவித்த லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைக் கேட்ட விலைக்கு வாங்கின. பம்பாயில் மெத்தைகளைப் பிரித்துப் பழம்பஞ்சையும் விற்றார்கள் என்று சொல்வதுண்டு. இதுவரை நடந்தது நேர்மையான வணிகமே. வந்த பணத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தபோதுதான் வினை தொடங்கியது.

வங்கிகள், நிதிச் சங்கங்கள், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகள் என நாளொன்றும் புதியவை முளைத்தன. பேக் பே கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு ஏறத்தாழ 50,000 ரூபாய்க்குக் கைமாறியது. விற்கப்பட்ட நிலமோ இன்னும் கடலுக்கு அடியில் கிடந்தது! இதற்கும் மேலாகத் தவணைப் பேரம் என்றொன்று இருந்தது. இன்று விலை பேசலாம். பணமும் பங்கும் 1865 ஜூலை 1 அன்று கைமாறினால் போதும். வாங்குபவரிடம் பணமோ விற்பவரிடம் பங்கோ இருக்கவேண்டிய கட்டாயமில்லை.

அரசும் பங்கு வைத்திருந்த பம்பாய் வங்கியாவது தடுத்திருக்கலாம். ஆனால் 1863ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிட்டது. பங்குகளை ஈடாகக் கொண்டு வங்கி கடன் கொடுத்தது, அக்கடனால் மேலும் பங்குகள் வாங்கப்பட்டன, விலை ஏறியது, ஏறிய விலையைக் காட்டி மீண்டும் கடன். இவ்வங்கியில் பிரேம்சந்தின் சொல்லுக்குப் பெருமதிப்பு இருந்தது.

போர் ஒருநாள் முடியும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்று நாம் கேட்கத் தோன்றும். தெரியும். பங்கை எழுதி வாங்கிய ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் இன்னொருவர் வருவார், அவர் தலையில் கட்டிவிட்டு விலகிவிடலாம் என்றே எண்ணியிருந்தனர். அறியாமை என்று இதனைத் தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. படித்தவர்களும் பழுத்த வணிகர்களும்தாம் முன்வரிசையில் நின்றார்கள்.

1865 ஏப்ரல் 9 அன்று தென்படைத் தளபதி லீ சரணடைந்தார். செய்தி வந்தது, பருத்தி விலை வீழ்ந்தது. ஜூலை 1 வந்தபோது பேசிய தொகையைக் கொடுக்க ஆளில்லை. எல்லோரும் எல்லோருக்கும் கடன்பட்டிருந்தமையால் ஒருவர் விழ மற்றவரும் விழுந்தார். பேக் பே பங்கு 2,000 ரூபாய்க்கும் கீழே போனது. பம்பாய் வங்கி 1868இல் கலைக்கப்பட்டது.

1864இல் 8,16,562ஆக இருந்த நகர மக்கள்தொகை, 1872இல் 6,44,405ஆகக் குறைந்திருந்தது. பிழைப்புத் தேடி வந்தவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவேண்டும். பங்குகள் காகிதமான பின்னர், 1869இல், மணிக்கூண்டுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1878இல் கட்டி முடித்தார்கள்.